மெக்சிகோ மிளகாய்க் குழம்பில் பன்றி இறைச்சி: எந்த மிளகாய், எந்தச் சட்டி?

மெக்சிகோ பாணிச் சிவப்பு மிளகாய்க் குழம்பில் மெதுவாக வெந்த பன்றி இறைச்சியை எங்கேயோ சாப்பிட்டுவிட்டு, அதை வீட்டில் செய்து பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் இரண்டு இடத்தில் நின்றுவிடுகிறார்கள். சமையல் குறிப்பில் குவாஹியோ, ஆஞ்சோ என்று ஏதேதோ மிளகாய் போட்டிருக்கிறது, பினாங்கில் அதற்கு எங்கே போவது, கையில் இருக்கிற காய்ந்த மிளகாயை வைத்துச் சமாளிக்கலாமா என்பது ஒன்று. குக்கர் போதுமா, அடி கனமான சட்டிதான் வேண்டுமா, ஸ்லோ குக்கர் வாங்கட்டுமா, ஓவன் இல்லையே என்பது மற்றொன்று.

இரண்டாவது கேள்விக்குத்தான் எல்லாரும் அதிகம் அலைகிறார்கள். பல நூறு வெள்ளி கொடுத்து எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டி வாங்கிவிட்டு, அதில் பாசாரில் கட்டிக் கொடுத்த சிலி போவை (அரைத்த மிளகாய் விழுதை) கொட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். நான் இதற்கு நேர் எதிர்க் கட்சி. காசை மிளகாயில் போடுங்கள். சட்டி, வீட்டில் இருக்கிற எதுவானாலும் சரிக்கட்டிக்கொள்ளலாம், அதன் குணம் தெரிந்தால் போதும்.

## எந்தக் குழம்பைப் பற்றிப் பேசுகிறோம்

மெக்சிகோவில் பன்றியைச் சமைக்கும் வழி ஊருக்கு ஊர் மாறும். யுகத்தான் பகுதியில் அன்னாட்டோ விதையும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் தடவி, வாழையிலையில் சுற்றிக் குழியில் புதைத்து வேகவைப்பார்கள். மிச்சோவக்கானில் பன்றிக் கொழுப்பிலேயே அமிழ்த்தி வேகவிடுவார்கள். அவை வேறு கதை. இங்கே சொல்வது வடக்குப் பக்கத்துச் சிவப்புக் குழம்பு: சீலே கொலொராதோ என்பது அதில் ஒரு வகை, சகாத்தேக்காஸ் வட்டாரக் கல்யாண வீடுகளில் போடும் அசாதோ தே போதா இன்னொரு வகை.

செய்முறை நமக்கு அந்நியமானதில்லை. காய்ந்த மிளகாயைக் காம்பு, விதை நீக்கித் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் பக்கத்துக்கு 20, 30 விநாடி வாட்டுவது. சுடுதண்ணீரில் 20 நிமிடம் ஊறவைப்பது. பூண்டு, வெங்காயம், சீரகம், இரண்டு கிராம்பு, சிறு துண்டு பட்டை, கொஞ்சம் வினிகர் சேர்த்து வெண்ணெய்போல அரைப்பது. சல்லடையில் வடிகட்டுவது. பன்றிக் கொழுப்பில் இறைச்சியைச் சிவக்க வறுத்து எடுத்து, அதே கொழுப்பில் அரைத்ததை ஊற்றி எண்ணெய் பிரியும்வரை வதக்குவது. பிறகு இறைச்சி, தண்ணீர், உப்பு, சிறு தீ.

தேங்காய்ப்பால் இல்லை, மல்லித்தூள் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. குழம்பின் கெட்டி, நிறம், இனிப்பு, லேசான கசப்பு எல்லாமே மிளகாயிலிருந்து வர வேண்டும். நம் வீட்டுப் பன்றிப் பிரட்டலில் மிளகாய் உறைப்புக்கு வருகிறது. இதில் அதுதான் குழம்பின் உடம்பு. கீழே வருகிற ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

மிளகாய்க்கு: முதலில் சதை. ஒரு கிலோ இறைச்சிக்கு 70, 80 கிராம் காய்ந்த மிளகாய் போனால்தான் குழம்பு கெட்டியாகும். அவ்வளவு போட்டும் வாய் வெந்துபோகாத மிளகாயாக இருக்க வேண்டும். அடுத்து நிறம். அதற்குப் பிறகுதான் விலை, கிடைக்கும் இடம்.

சட்டிக்கு: முதல் கேள்வி, தண்ணீர் ஆவியாகி வெளியே போக வழி இருக்கிறதா. இரண்டாவது, நீங்கள் அடுப்புப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தாக வேண்டும். சமையல் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பது வேறு கணக்கு. மூன்றாவது, புளிப்பை அந்த உலோகம் தாங்குமா.

நான்காவதாக ஒன்று உண்டு, வெளிநாட்டுச் சமையல் குறிப்பு எதிலும் இருக்காது. நம் வீடுகளில் பல சமயம் பன்றி சாப்பிடுகிறவர் பாதிப் பேர்தான். மாமியார் சாப்பிடமாட்டார், வெள்ளிக்கிழமை முழு வீடும் சைவம், விளக்கேற்றும் வீட்டில் அதற்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி. முஸ்லிம் நண்பர்களோடு கோலாலம்பூரில் வீட்டைப் பகிர்ந்து வாடகைக்கு இருந்தால் அந்தச் சமையலறையில் இதைச் செய்யவே கூடாது, அதில் ஒப்பிட ஒன்றுமில்லை. ஆகவே எந்தப் பாத்திரத்தை நிரந்தரமாகப் பன்றிக்கென்று ஒதுக்கிவைக்க உங்களால் முடியும் என்பதும் ஒரு அளவுகோல். பலருக்கு அதுதான் முதல் அளவுகோல்.

## மிளகாய்

### மெக்சிகோ மிளகாயையே வாங்குவது

குவாஹியோ நீளமானது, வழவழப்பான கருஞ்சிவப்புத் தோல். உறைப்பு ஸ்கோவில் அளவில் 2,500 முதல் 5,000 வரை. ஆஞ்சோ என்பது பொப்ளானோ மிளகாய் பழுத்துக் காய்ந்தது. அகலம், கறுப்புச் சுருக்கம், உறைப்பு 1,000-2,000 அளவில்தான். குவாஹியோ நிறமும் லேசான புளிப்பும் தருகிறது. ஆஞ்சோ காய்ந்த திராட்சையை நினைவூட்டும் இனிப்பையும், குழம்பைக் கெட்டியாக்கும் சதையையும் தருகிறது. ஒரு கிலோ இறைச்சிக்கு ஆறு குவாஹியோ, மூன்று ஆஞ்சோ என்பது நல்ல தொடக்கம்.

கிடைக்குமா என்றால் கிடைக்கும். ஷாப்பி, லசாடாவில் விற்கிறார்கள். கோலாலம்பூரில் பங்சார், மொண்ட் கியாரா பக்கம் வெளிநாட்டார் அதிகம் புழங்கும் சூப்பர்மார்க்கெட்டுகளில் தேடிப் பார்க்கலாம். பினாங்கில் இணையம்தான் நம்பகமான வழி. விலை நம்மூர்க் காய்ந்த மிளகாயைப்போலப் பல மடங்கு.

அதைவிடப் பெரிய மறைசெலவு, பழைய சரக்கு. நல்ல ஆஞ்சோ தோல் துண்டுபோல வளையும். கையில் எடுத்ததும் அப்பளம்போல நொறுங்கினால் அது எப்போதோ செத்துவிட்டது. வாட்டினால் வாசனை வராது, தூசிதான் வரும். படத்தைப் பார்த்து வாங்கும்போது இதைச் சோதிக்க வழியில்லை. வாங்கியதைப் பாதுகாப்பதும் தலைவலி. நம் காற்றின் ஈரத்தில் அலமாரியில் வைத்தால் உள்ளே பூஞ்சை பூத்துவிடும், வெளியே தெரியாது. காற்றுப் புகாத பையில் கட்டி ஃபிரீசரில் வையுங்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல ஏதாவது இருந்தால் அந்த மிளகாயைத் தூக்கி எறிவதுதான் ஒரே வழி. கழுவிப் பயன்படுத்த நினைக்காதீர்கள்.

இதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள்: அசல் சுவையை ஒருமுறை சாப்பிட்டு, அது நாக்கில் ஒட்டிக்கொண்டவர்கள். முதல் தடவை செய்து பார்க்கிறவர்களும்கூட, ஏனென்றால் எதை நோக்கிப் போகிறோம் என்று தெரிந்துகொண்டால் பிறகு மாற்றுப் பொருளை வைத்து அந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

### காஷ்மீரி அல்லது பியாடகி

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் மளிகைக் கடைகளில், முழுக் காஷ்மீரி மிளகாய் கேட்டுப் பாருங்கள். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா. உறைப்பு 1,000-2,000 அளவில், அதாவது ஆஞ்சோவுக்கு இணை. நிறத்தில் குவாஹியோவுக்குச் சளைத்ததில்லை. கர்நாடகத்துப் பியாடகியும் இதே குடும்பக் குணம்: சுருக்கம் விழுந்த தோல், ஆழ்ந்த சிவப்பு, குறைந்த உறைப்பு.

இதை வேறு வழியில்லாமல் போடுகிற மாற்று என்று நினைக்க வேண்டாம். மிளகாய் மெக்சிகோவின் சொத்து. பன்றி அங்கே ஸ்பானியர் கொண்டுபோனது. கடல் தாண்டி மிளகாயைக் கிழக்கே கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர். கோவாவை 1510இலும் மலாக்காவை 1511இலும் பிடித்தவர்கள். கோவாவில் அவர்களுடைய பூண்டு, வினிகர்ப் பன்றியோடு சிவப்பு மிளகாய் சேர்ந்துதான் விண்டாலு ஆனது. இன்றும் அதற்குக் காஷ்மீரிதான் போடுகிறார்கள். பன்றி, வினிகர், பூண்டு, உறைப்பு குறைந்த சிவப்பு மிளகாய் என்று அடுக்கிப் பார்த்தால் விண்டாலுவும் அதோபோ என்ற மெக்சிகோ மிளகாய், வினிகர்க் குழம்பும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

குறை ஒன்று உண்டு. காஷ்மீரியின் தோல் மெல்லியது, சதை போதாது. இதை மட்டும் முழு அளவு போட்டாலும் குழம்பு நீர்த்து நிற்கும், ஆஞ்சோவின் இனிப்பும் இருக்காது. இதை ஈடுகட்ட, கெமரன் மலையிலிருந்து வருகிற சிவப்புக் குடைமிளகாய் ஒன்றை நேரடித் தீயில் கருகச் சுட்டுத் தோலுரித்து அதோடு அரையுங்கள். பத்துப் பன்னிரண்டு காய்ந்த திராட்சையையும் ஊறவைத்துச் சேருங்கள். கூலா மலாக்கா என்ற தென்னை வெல்லம் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடிக்காது, குழம்பு ரெண்டாங் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

வாங்கும்போது தூளை விட்டுவிட்டு முழு மிளகாயை எடுங்கள். தூள் பாக்கெட்டில் எந்த மிளகாய் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது, கொழுப்பில் போட்டதும் ஒரு நொடியில் கருகிக் கசக்கும்.

### பாசாரில் கிடைக்கும் சாதாரணக் காய்ந்த மிளகாய்

மலிவு, எங்கும் கிடைக்கும். சம்பாலுக்கும் கறிக்கும் நாம் போடுவது இதுதான். ஆனால் 70 கிராம் இதைப் போட்டால் சாப்பிட முடியாது, உறைப்புக்குப் பயந்து 20 கிராம் போட்டால் குழம்பு குழம்பாகவே வராது. இந்த இக்கட்டிலிருந்து முழுதாகத் தப்பிக்க வழி கிடையாது, குறைத்துக்கொள்ள மட்டும் முடியும்.

நீளமான, சுருக்கம் விழுந்த வகையைப் பார்த்து எடுங்கள். கத்தரியால் நீளவாக்கில் வெட்டி, விதையோடு உள்ளே ஓடும் வெள்ளை நரம்பையும் சுரண்டுங்கள். காரம் அதிகம் தங்குவது அந்த நரம்பில்தான். விதையை மட்டும் தட்டிவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இரண்டு சிவப்புக் குடைமிளகாய், ஒரு தக்காளி சேர்த்து உடம்பு கொடுங்கள். வருவது நல்ல குழம்புதான். அசலுக்கு அது தூரத்துச் சொந்தம்.

மறைசெலவு உங்கள் கையும் நேரமும். ஐம்பது அறுபது மிளகாயின் நரம்பைச் சுரண்டி முடிக்கக் கையுறை வேண்டும், பொறுமையும் வேண்டும். வாட்டும்போது வரும் நெடியில் பிளாட் முழுவதும் இருமும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டலாம்.

உறைப்பு இல்லாமல் சாப்பாடு இறங்காத வீட்டுக்கு இது பொருந்தும். அப்போதும் முழுக்க இதையே போடாமல் காஷ்மீரியோடு நாலைந்து சேர்ப்பது புத்திசாலித்தனம். மெக்சிகோக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள்: குவாஹியோ, ஆஞ்சோ உடம்புக்கு, ஆர்போல் என்ற சிறிய காரமான மிளகாய் இரண்டு மூன்று உறைப்புக்கு.

### சிலி போ, டப்பா, பாக்கெட்

சிலி போவில் விதையும் நரம்பும் சேர்ந்தே அரைபட்டிருக்கும், வாட்டிய வாசனை கிடையாது. இந்தக் குழம்புக்கு வேண்டாம். டாக்கோ மசாலாப் பாக்கெட்டில் உப்பும் சீரகமும் முன்னால் நிற்கும். டப்பாவில் வரும் சிப்போட்லே, அதாவது புகையில் வாட்டி உலர்த்திய ஹாலபேன்யோ, நல்ல பொருள்தான். ஆனால் அதை முழுக் குழம்பாக்கினால் புகை வாடை மட்டும் மிஞ்சும். ஒன்றோ இரண்டோ சேர்க்கலாம்.

### நான் எதை வாங்குவேன்

ஆஞ்சோவை மட்டும் இணையத்தில் வரவழைப்பேன். குவாஹியோவின் வேலையைக் காஷ்மீரி முக்கால் பங்குக்கு மேல் செய்துவிடுகிறது, ஆகவே அதற்குத் தனியாகக் காசு கொடுக்க மனம் வராது. ஆஞ்சோவின் கறுத்த இனிப்புக்கும் சதைக்கும் லிட்டில் இந்தியாவில் ஈடு கிடையாது. மூன்று ஆஞ்சோ, 40 கிராம் காஷ்மீரி, காரத்துக்கு இரண்டு பாசார் மிளகாய். செலவு பாதியாகக் குறைகிறது, சுவையில் குறை சொல்ல ஆளில்லை.

கூடவே ஒரு சின்னச் செய்தி. குறிப்புகளில் வரும் மெக்சிகோ ஒரேகானோ, பீட்சாவில் தூவும் ஒரேகானோவோடு செடிக் குடும்பத்திலேயே சேராதது. அதைத் தேடி அலைய வேண்டாம். வாசலில் தொட்டியில் கற்பூரவள்ளி இருந்தால் இரண்டு இலையைக் கிள்ளி அரைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் வாசனை எண்ணெயிலும் தைமாலும் கார்வக்ராலும் இருப்பதால் நன்றாகப் பொருந்துகிறது. இரண்டுக்கு மேல் வேண்டாம், கஷாயம் குடித்த நினைவு வந்துவிடும்.

## சட்டி

தோள்பட்டை இறைச்சியில் இருக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக வேண்டும். அதற்கு வெப்பமும் நேரமும் போதும், எந்தப் பாத்திரமும் அதைச் செய்யும். குழம்பு சுண்டிக் கறுத்து இறைச்சியில் ஒட்டுவதுதான் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறுகிறது. கீழே உள்ள கணக்கு ஒரு கிலோ இறைச்சிக்கு, நாலு சென்டிமீட்டர் துண்டுகளுக்கு.

| | அடி கனமான சட்டி, கேஸ் அடுப்பு | பிரஷர் குக்கர் | ஸ்லோ குக்கர் | தெர்மல் பானை | ஓவன் |
|---|---|---|---|---|---|
| மொத்த நேரம் | 2 முதல் 2½ மணி | ஏறக்குறைய 1 மணி | லோவில் 8 மணி, ஹையில் 4-5 மணி | 4 மணிக்கு மேல் | 150 டிகிரியில் 2½-3 மணி |
| சேர்க்கும் தண்ணீர் | 3 கப் | 1 கப் | அரை கப் | இறைச்சி மூழ்கும் அளவு | 2 கப் |
| குழம்பு தானாகச் சுண்டுமா | சுண்டும் | சுண்டாது | சுண்டாது | சுண்டாது | ஓரளவு |
| பக்கத்தில் இருக்க வேண்டுமா | வீட்டில் இருக்க வேண்டும் | கடைசி 15 நிமிடம் | தேவையில்லை | நடுவில் ஒருமுறை | தேவையில்லை |
| கவனிக்க வேண்டியது | அடி பிடிப்பது | அலுமினியம், புளிப்பு | நீர்த்த குழம்பு | சூடு இறங்குவது | சட்டி உள்ளே நுழையுமா |

### அடி கனமான சட்டி

சுவைக்கு இதுதான் முதலிடம். மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தால் தண்ணீர் மெல்லப் போகிறது, விளிம்பில் ஒட்டிய மிளகாய் விழுது கறுத்து மறுபடி குழம்பில் கரைகிறது, கடைசி அரை மணியில் கொழுப்பு மேலே மிதந்து நிறம் செங்கல்லிலிருந்து கருஞ்சிவப்புக்குப் போகிறது. வேறு எந்தப் பாத்திரத்திலும் இது தானாக நடப்பதில்லை.

எரிபொருள் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 14 கிலோ கேஸ் சிலிண்டர் 26 வெள்ளி 60 காசு என்ற உதவித்தொகை விலையில் வருகிறது. சிறு தீயில் இரண்டரை மணி நேரம் ஒரு வெள்ளிக்குள் அடங்கிவிடும். உண்மையான செலவு உங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை. கால் மணிக்கு ஒருமுறை அடியைச் சுரண்டிக் கிளற வேண்டும், ஏனென்றால் மிளகாய் விழுது கெட்டி, கீழே படிந்தால் கருகும், கருகினால் கசப்பு முழுச் சட்டிக்கும் பரவும்.

வார்ப்பிரும்பு வேண்டுமென்றால் வாங்கலாம், கட்டாயமில்லை. அடி தடித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டியும், அதன் கீழே தீயைப் பரப்ப ஒரு பழைய தோசைக்கல்லும் அதே வேலையைச் செய்யும். சீனக் கடைகளில் விற்கும் மண்சட்டியும் நல்லது, வறுப்பதை மட்டும் குவாலியில் (வாணலியில்) செய்துவிட்டு அதில் மாற்றிக்கொள்ளுங்கள். தனிச் சட்டி ஒதுக்க வேண்டியவர்களுக்கு மண்சட்டிதான் மலிவான வழி.

### பிரஷர் குக்கர்

வேலை நாளில் இதை மிஞ்ச ஆளில்லை. முதல் விசிலுக்குப் பிறகு தீயைத் தணித்து 25, 30 நிமிடம், அழுத்தம் தானாக இறங்கும்வரை விட்டுவிடுவது. இறைச்சி பஞ்சுபோல வந்துவிடும்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மூடியைத் திறந்ததும் குழம்பு வெளிறி, தண்ணீர் தனியாக, காரம் தனியாக நிற்கும். இறைச்சியை ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு, குழம்பைத் திறந்தபடி பெரிய தீயில் 15 நிமிடம் சுண்டவிடுங்கள். பிறகு இறைச்சியைச் சேர்த்துப் புரட்டுங்கள். இந்தக் கால் மணியைச் சேர்த்துக் கணக்குப் போட்டால்கூட ஒரு மணி நேரத்தில் முடிகிறது.

எச்சரிக்கை இரண்டு. பல வீடுகளில் இருக்கும் இந்தியக் குக்கர் அலுமினியம். வினிகரும் தக்காளியும் அதில் வெந்தால் உலோகச் சுவை ஏறும். ஸ்டீல் குக்கர் இருந்தால் அதை எடுங்கள்; இல்லையென்றால் வினிகரைச் சுண்டவைக்கும் கட்டத்தில், வேறு பாத்திரத்துக்கு மாற்றிய பிறகு சேருங்கள். மின்சாரக் குக்கரில் கெட்டி விழுது அடியில் படிந்தால் சூட்டு எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். விழுதை வதக்கிய பிறகு தண்ணீர் விட்டு அடியை நன்றாகச் சுரண்டிவிட்டே மூட வேண்டும்.

### ஸ்லோ குக்கர்

காலையில் வேலைக்குப் போகும் முன் வைத்துவிட்டு மாலையில் திறக்கலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. 200 வாட் பானை எட்டு மணி நேரத்துக்கு 1.6 யூனிட் மின்சாரம் எடுக்கும், பெரிய செலவில்லை. உள்ளே இருக்கும் பீங்கான் பானை புளிப்பைத் தாங்கும். பன்றிக்கென்று ஒதுக்கி ஒரு மூலையில் வைத்துக்கொள்ளவும் வசதி.

ஆனால் வறுப்பதும் வதக்குவதும் இதில் நடக்காது. அதற்குக் குவாலி தனியாகக் கழுவ வேண்டும், அதுவும் காலை ஆறு மணிக்கு. பச்சை விழுதை நேராகப் பானையில் ஊற்றிவிட்டுப் போனால் மாலையில் பச்சை வாடையோடுதான் காத்திருக்கும். எட்டு மணி நேரச் சூடு அதைப் போக்காது. இறைச்சி விடும் சாறும் சேர்ந்து குழம்பு நீர்த்துப்போகும், மறுபடி சுண்டவைக்க இன்னொரு பாத்திரம். விழுதை முந்தின இரவே வதக்கிக் குளிர்பெட்டியில் வைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

### தெர்மல் பானை

சீனர் வீடுகளில் சூப்புக்கு வைத்திருக்கும் இரட்டைப் பானை. உள்பானையை அடுப்பில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு வெளிப்பானைக்குள் இறக்கி மூடினால் தன் சூட்டிலேயே வேகும். முக்கால் பானைக்கு மேல் நிறைந்திருந்தால்தான் சூடு நிற்கும், ஒரு கிலோவுக்குக் கட்டாது. இரண்டு மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கொதிக்கவிட வேண்டும். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்க விட்டால் கெட்டுப்போகும். தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று மூன்று கிலோ, நாலு கிலோ சமைக்கும் வீட்டில் அடுப்பை வேறு பலகாரத்துக்கு விட்டுவைக்க உதவும். மற்றபடி வேண்டாம்.

### ஓவன்

எல்லாப் பக்கமும் ஒரே சூடு, கிளற வேண்டாம், மேலே துருத்திய துண்டுகள் சிவக்கும். அடுப்புச் சட்டிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஆனால் நம்மில் பலரிடம் இருப்பது மேசை ஓவன். அதில் மூடியோடு கனமான சட்டி நுழையாது, நுழைந்தாலும் மேல் கம்பி மூடியைத் தொடும் தூரத்தில் இருக்கும். உயரம் குறைந்த தட்டில் இறைச்சியையும் குழம்பையும் பரப்பி, அலுமினியத் தாளை இறுக்கி மூடி, கடைசி அரை மணிக்குத் திறந்துவிட்டால் வேலை நடக்கும். தாள் புளிப்புக் குழம்பில் படாமல் நடுவில் ஒரு பேக்கிங் தாள் போடுங்கள். மதிய வெயிலில் சிறிய சமையலறையில் மூன்று மணி நேரம் ஓவன் ஓடினால் என்னவாகும் என்பது அந்தச் சமையலறையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

## இறைச்சி

இதில் யோசிக்க அதிகமில்லை. தோள்பட்டை. புலாவ் திக்குஸ் பாசாரில் காலையிலேயே போனால் கேட்ட துண்டை வெட்டிக் கொடுப்பார்கள். சாம் சான், அதாவது அடுக்குக் கொழுப்புள்ள வயிற்றுப் பகுதி, சுவையில் குறையில்லை, ஆனால் இந்தக் குழம்பில் கொழுப்பு மிதந்து மிளகாயின் வாசனையை மூடிவிடும். அதைத்தான் விரும்புவீர்கள் என்றால் முந்தின நாளே சமைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, உறைந்த கொழுப்பில் பாதியை வழித்தெடுத்துவிட்டுச் சூடாக்குங்கள். தொடைப் பகுதி மலிவு, வறண்டுபோகும். விலா எலும்பு குக்கருக்கு நல்லது. வறுப்பதற்கு எண்ணெய்க்குப் பதில் கொஞ்சம் வெள்ளைக் கொழுப்பையும் கேட்டு வாங்கிச் சின்னதாக நறுக்கி உருக்கிக்கொள்ளுங்கள். பன்றிக் கொழுப்பில் வறுத்த சார் குவே தியாவ் நூடுல்ஸ் சாப்பிட்ட ஊருக்கு அதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

## எதோடு சாப்பிடுவது

மெக்சிகோவில் சோள தோர்த்தியா. அதற்கு மாசா ஹரினா என்ற மாவு வேண்டும், சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்து உலர்த்தியது. இணையத்தில்தான் வாங்க வேண்டும். கடையில் தெப்போங் ஜாகோங் என்று இருக்கும் வெள்ளை மாவை நம்பி வாங்கிவிடாதீர்கள், அது சூப்பைக் கெட்டியாக்கப் போடும் ஸ்டார்ச், பிசைந்தால் ரொட்டி வராது. கோதுமைத் தோர்த்தியாவும் வடமெக்சிகோவின் வழக்கம்தான் என்பதால், மெல்லிய சப்பாத்தி போட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. ரொட்டி சானாயின் நெய் இந்தக் கொழுப்போடு சேர்ந்தால் திகட்டும். சோற்றுக்கு நன்றாக இருக்கும், ஆனால் குழம்பைக் கொஞ்சம் தளர்வாக இறக்க வேண்டும். எதோடு சாப்பிட்டாலும் பச்சை வெங்காயம் பொடியாக நறுக்கியது, கொத்தமல்லித் தழை, பிழிந்துகொள்ள லிமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சை இரண்டு பக்கத்தில் இருக்கட்டும்.